மழையில் நிற்காமல் போன மகனுக்கு

ஆசீர்வாதம்னு எழுதித் தொடங்கறதுதான் நம்மாத்து வழக்கம். பேனாவைப் பிடிச்சுண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன், கை வரலை. விட்டுடறேன். நீ சௌக்கியமாத்தான் இருப்பே, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆம்ஸ்டர்டாமில் ஏதோ ஒரு கால்வாய்க் கரையில் சைக்கிளோட நிக்கற உன் போட்டோவை நேத்து நம்ம கிராமத்து வாட்ஸாப் குரூப்பில் பார்த்தேன். திருவனந்தபுரம் இவ்வளவு பெரிசா வளர்ந்த பிறகும் கரமனையில் இருக்கற நாம நம்ம தெருக்களைக் கிராமம்னுதானே சொல்லிண்டிருக்கோம். தலையில் தொப்பி, கழுத்தில் கம்பளி, மூஞ்சியில் அந்தச் சிரிப்பு. 'மழையானாலும் புயலானாலும் இங்கேயும் ஆபீசுக்குச் சைக்கிள்தான்'னு கீழே எழுதியிருந்தே. எல்லாரும் கைதட்டற பொம்மையாப் போட்டுத் தள்ளியிருந்தா. 'நம்ம கிராமத்துக்கே பெருமை'ன்னார் ஒருத்தர். 'இந்தப் பிள்ளையைப் பெத்தவா குடுத்து வச்சவா'ன்னார் இன்னொருத்தர். அந்தக் குடுத்து வச்சவா நாங்கதான், கேட்டியா. அதனால இந்தக் கடிதத்தையும் அதே குரூப்பில்தான் போடப்போறேன். கைதட்டின கையெல்லாம் இதையும் தொட்டுப் படிக்கட்டும். தனியா அனுப்பினா நீ படிப்பியோ மாட்டியோ. நாலு பேர் படிச்சான்னா நீ கட்டாயம் படிப்பே. உன்னை எனக்குத் தெரியும்டா.

நானும் சைக்கிள்ல ஆபீசுக்குப் போனவன்தான். உன்னை மாதிரி ஹெல்மெட்டும், பளபளன்னு மின்னற சட்டையும், கையில் துடிப்பு பார்க்கற வாட்சும் கிடையாது. ஒரு கையில் ஹேண்டில், இன்னொரு கையில் குடை, வேஷ்டியைத் தூக்கிச் சொருகிண்டு போறதுதான். ஜூன் மாசம் இடவப்பாதி மழை பிடிச்சா கிள்ளிப்பாலத்தில் தண்ணி ஏறும், சக்கரம் பாதி முழுகும், காத்து குடையைப் பின்பக்கமா மடக்கிக் கம்பியெல்லாம் வெளியே தள்ளும். மழை வலுத்தா நான் இறங்கிடுவேன். எந்தக் கடைக்குக் கூரை வெளியே நீட்டிண்டிருக்கோ அங்கே போய் நிப்பேன். சாயாக்கடைன்னா ஒரு சாயா. மருந்துக்கடைன்னா வெறும் வேடிக்கை. லேட்டாப் போவேன், சூப்பிரண்டு முறைப்பார், என் பேருக்கு நேரா சிவப்பு மையில் கோடு போடுவார். போட்டுக்கோங்கோ, மை உங்களோடதுன்னு மனசுக்குள்ளே சொல்லிண்டு போய் உட்காருவேன். கடைசி வரைக்கும் எனக்குப் பெரிய பிரமோஷன் ஒண்ணும் வரலை. உன் அம்மாவுக்கு அது தீராத அவமானம். 'மழைன்னா நின்னுடற மனுஷன்'னு உன் முன்னாடியே என்னைச் சொல்லுவாள். நீயும் சிரிப்பே.

உன் அம்மாவுக்கு ஹாஜர் பைத்தியம். இதைச் சொன்னா அவளுக்குக் கோபம் வரும். வரட்டும், இப்போ அவளால் என்னைத் திட்ட முடியாது. வருஷம் பூரா ஒரு நாள்கூட மட்டம் போடாத பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு சர்டிபிகேட் குடுப்பா. அது ஒவ்வொரு வருஷமும் உனக்கு வந்தாகணும், கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டியாகணும். சுவாமி படத்துக்கு இடம் இல்லைன்னாலும் அதுக்கு இடம் உண்டு. ஜுரம் வந்தா மாத்திரையைக் குடுத்து, சட்டைக்குள்ளே ஒரு ஸ்வெட்டரை மாட்டி உன்னை அனுப்புவாள். அம்மை போட்டிருந்தா என்ன பண்ணியிருப்பாளோ, பகவான் உனக்கு லீவு நாளாப் பார்த்து அம்மையைப் போட்டான். மழைக்குக் கலெக்டர் லீவு விட்டா தெருவில் மத்த குழந்தைகள்லாம் குதிக்கும், நீ மட்டும் வாசப்படியில் உட்கார்ந்து அழுவே. லீவு விட்ட நாள் கணக்கில் சேராதுன்னு நான் எத்தனை சொன்னாலும் உனக்கு நம்பிக்கை வராது.

உன் அம்மாவோட அப்பா காலமான நாள் உனக்கு ஞாபகம் இருக்கோ என்னவோ. எனக்கு நன்னா இருக்கு. ஒரே பேரன் நீ, நெய்ப்பந்தம் நீதான் பிடிக்கணும். வெளியே பேய்மழை, காரியம் பண்ணி வைக்க வந்த வாத்தியார் சீக்கிரம் எடுக்கணும்னு அவசரப்படறார். அழுது அழுது முகம் வீங்கிப் போயிருந்த உன் அம்மா அப்போ எழுந்து வந்து, 'அவன் ஸ்கூலுக்குப் போகட்டும். காலம்பற ஹாஜரும் மத்தியான ஹாஜரும் ஆகட்டும். அப்பறம் எடுக்கலாம்'ன்னாள். கூடத்தில் இருந்தவா எல்லாரும் துக்கத்தில் ஏதோ உளர்றாள்னு நினைச்சா. அவள் உளரலை. உனக்குத் தலை வாரிவிட்டு, நெத்தியில் எதுவும் இடாமல், பையை மாட்டி அனுப்பினாள். பெரியவர் உடம்பு உனக்காகக் காத்துண்டிருந்தது. மத்தியானம் நான் சைக்கிளை எடுத்துண்டு அந்த மழையில் கோட்டைக்குள்ளே உன் பள்ளிக்கூடத்துக்கு வந்து, டீச்சர் பேர் கூப்பிட்டு முடிக்கற வரைக்கும் வராந்தாவில் சொட்டச் சொட்ட நின்னேன். உன்னை முன்கம்பியில் உட்கார வச்சுண்டு திரும்பறபோது நீ என் பக்கம் திரும்பி, 'ரெண்டு ஹாஜரும் ஆயிடுத்து பா'ன்னே. தாத்தாவைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கலை. அந்த வயசில் கேட்கவும் தெரியாது. அந்தக் கதையை ஆபீசில் சொன்னேன், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சா.

அதே குழந்தைதான் வளர்ந்து கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகத்துக்குப் போனது. மழைக்காலம் முழுக்க ஒரு வேலை நாள்கூட விடாமல் சைக்கிளில் வர்றவா யாருன்னு உன் கம்பெனியில் ஒரு போட்டி வச்சா. கார், ஸ்கூட்டர், பஸ் எதையும் அந்த நாட்களில் தொடப்படாது. நீ உடனே பேர் குடுத்தே. கரமனையிலேர்ந்து கழக்கூட்டம் என்ன பக்கமா? உனக்குச் சந்தோஷம் தாங்கலை. உன் அம்மாவுக்கு அதைவிட. தெருவில் போறவா வர்றவாகிட்டயெல்லாம் சொன்னாள். தம்பானூரில் இடுப்பளவு தண்ணியில் சைக்கிளைத் தலைக்கு மேலே தூக்கிண்டு நீ போற போட்டோவை யாரோ எடுத்துப் போட்டா. அன்னிக்கும் இதே குரூப்பில் இதே கைதட்டல்தான். போட்டியில் கூடச் சேர்ந்தவா ஒவ்வொருத்தரா விட்டுட்டா. ஒருத்தனுக்குச் சளி, ஒருத்திக்குக் கல்யாணம், ஒருத்தன் புத்திசாலி, சும்மா விட்டுட்டான். மிஞ்சினது நீ.

அந்த நாளுக்கு வரேன். முந்தின நாள் சாயங்காலமே ரெட் அலர்ட் போட்டாச்சு. ஆத்திலேர்ந்தே வேலை பார்க்கலாம்னு உன் கம்பெனியே சொல்லிட்டது. காலம்பற எழுந்தா வானம் கறுத்துக் கிடக்கு, கரமனையாறு கலங்கிப் போறது, ஆத்தங்கரைப் பக்கம் மரம் முறியற சத்தம் இங்கே கேக்கறது. நீ ஷூ லேஸைக் கட்டிண்டிருக்கே. உன் அம்மா காபியை எடுத்துண்டு வந்தவள், டம்ளரை நழுவ விட்டுட்டாள். 'வலது கை மரத்த மாதிரி இருக்குடா. தலை கிர்ருங்கறது'ன்னாள். நீ நிமிர்ந்து பார்த்தே, அதைச் சொல்லியாகணும். 'வாயுவா இருக்கும்மா, பெருங்காயம் போட்டு மோர் குடி'ன்னே. அவள் வாய் ஒரு பக்கமாக் கோணறதை நான் பார்த்தேன். காரை எடுடா, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னேன்.

'அப்பா, இன்னிக்குக் காரைத் தொட்டா இத்தனை நாள் போனதெல்லாம் வீண். ஆட்டோ புக் பண்ணியாச்சு, இப்ப வந்துடும். டாக்டர்கிட்டக் காட்டிட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடு.'

உன்னைத் தடுக்கறதுக்கு நான் வாயைத் திறக்கறதுக்குள்ளே அவளே முந்திண்டாள். 'நீ போடா, நேரமாயிடுத்து'ன்னு இடது கையால் உன்னை வாசல் பக்கமாத் தள்ளினாள். நாக்கு அப்பவே தடிச்சிருந்தது. நீ போனே. மழைக்குள்ளே உன் பின்விளக்கு சிவப்பா மினுக்கிண்டு போறதை அவள் தூணைப் பிடிச்சுண்டு பார்த்துண்டு நின்னாள். தெருக்கோடியில் நீ திரும்பினதும் அவள் அப்படியே சரிஞ்சாள்.

நீ புக் பண்ணின ஆட்டோ வரலை. மழை நேரத்தில் கான்சல் பண்ணிட்டான். ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினா, ரோட்டில் மரம் விழுந்திருக்கு, சுத்திண்டு வரணும்னு சொல்றா. கரண்டும் போச்சு. கத்தினேன். எதிராத்தில் குடியிருக்கற பிஜு ஓடி வந்தான். தம்பானூரில் லாட்ஜ் மேனேஜரா இருக்கானே, அந்தப் பையன்தான். அவனுக்குக் கார் ஓட்டத் தெரியும். நம்ம கார் தெரு முக்கில் நிக்கறது. 'மாமா, கீ எவிடெ?'ன்னான். சாவி எங்கே? ஆணியில் இல்லை. அலமாரியில் இல்லை. உன் முதுகுப் பையில் இருந்தது. இன்னொரு சாவி உன் ஆபீஸ் மேஜைக்குள்ளே. 'மோனெ விளிக்கு மாமா, அதிகம் தூரம் போயிரிக்கில்ல'ன்னான் பிஜு. பையனைக் கூப்பிடு, ரொம்ப தூரம் போயிருக்க மாட்டான்னு அவன் சொன்னது சரிதான். நீ அப்போ கிள்ளிப்பாலத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டே. திரும்பி வந்தா அஞ்சு நிமிஷம். உன்னைக் கூப்பிட்டேன். மணி அடிச்சுது, பட்டுனு நின்னுது. மறுபடி கூப்பிட்டேன், மறுபடி பட்டுனு நின்னுது. மழையில் லைன் அறுபடறதாக்கும்னு நினைச்சேன், நான் ஒரு மண்டு. உன் அம்மா தலை என் மடியில் இருந்தது. கண் திறந்திருந்தது, போனையே பார்த்துண்டிருந்தாள்.

ஆம்புலன்ஸ் வரும் வரும்னு காத்துண்டே மணிக்கணக்காப் போச்சு. கடைசியில் அவளும் அன்னிக்குச் சைக்கிளில்தான் போனாள்டா. என்னோட பழைய சைக்கிள், துருப்பிடிச்சு முற்றத்தில் சாஞ்சிருந்ததே, அது. கேரியரில் தலையணையைப் போட்டு அவளை உட்கார வச்சோம். உட்காரலை, சாஞ்சாள். என் வேஷ்டியால அவளை சீட்டோட சேர்த்துக் கட்டினோம். நான் துண்டோட ஹேண்டிலைப் பிடிச்சுத் தள்ள, பிஜு பின்னாடி அவளை அணைச்சுப் பிடிக்க, முட்டளவு தண்ணியில் மெயின் ரோடு வரைக்கும் போனோம். சாக்கடைத் தண்ணியில் அவள் கால் இழுபட்டுண்டே வந்தது. எந்தக் கடை முன்னாடியும் நான் நிக்கலை. உன் அம்மா பார்த்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாள். நாகர்கோவிலிலேர்ந்து வந்த ஒரு பஸ்ஸை பிஜு நடுரோட்டில் நின்னு மறிச்சான். டிரைவர் நல்ல மனுஷன், ஒரு கேள்வி கேட்கலை, ஏத்திண்டான்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர் ஒருத்தி, 'எத்ர நேரமாயி?'ன்னு கேட்டாள். நேரத்தைச் சொன்னேன். அவள் மூஞ்சி மாறினது எனக்குப் புரிஞ்சுது. ரத்தக்கட்டைக் கரைக்க ஒரு ஊசி இருக்காம். அதைப் போடற நேரம் கைநழுவிப் போயிடுத்து. 'கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா'ன்னு ஆரம்பிச்சவள், என்னைப் பார்த்துட்டு அப்படியே நிறுத்திண்டாள். வலது கை போச்சு, வலது கால் பாதி போச்சு, பேச்சு முழுக்கப் போச்சு. நாள் பூராப் பேசிண்டே இருந்தவள்டா அவள்.

நீ அன்னிக்கு வந்து என் காலைப் பிடிச்சுண்டு அழுதே. 'போனை மழைக்கு பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பைக்குள்ளே வச்சிருந்தேன் பா, கேக்கவே இல்லை'ன்னே. நான் உன்னைத் தூக்கி நிறுத்தினேன். உன் மேல் தப்பு இல்லைடா, யாருக்குத் தெரியும்னு நானே சொன்னேன். ஆஸ்பத்திரி கேண்டீனில் உனக்குத் தோசை வாங்கிக் குடுத்தேன். நீ சாப்பிட்டே. அப்பறம் போட்டியில் ஜெயிச்சே. வெளிநாட்டுக்கு மாத்தல் வந்தது, 'இந்த சான்ஸ் விட்டா வராது பா'ன்னே. அவள் சுவரைப் பிடிச்சு ஒரு அடி எடுத்து வைக்கறதுக்கு முன்னாடி நீ பிளேன் ஏறினே. ஒரு ஹோம் நர்ஸை ஏற்பாடு பண்ணிட்டுப் போனே, ஒத்துக்கறேன். அப்பவும் எனக்கு உன் மேல் கோபம் இல்லை. வளர்ந்த பிள்ளை, அவனவன் வாழ்க்கைன்னு இருந்தேன்.

நீ போனப்பறம்தான் அந்த வீடியோ இந்தக் குரூப்புக்கு வந்தது. உன் கம்பெனியில் எடுத்தது. அந்தப் புயலில் நீ ஆபீஸ் வாசலில் வந்து இறங்கறே, தலையிலேர்ந்து தண்ணி ஊத்தறது, சுத்தி நின்னு எல்லாரும் ஆர்ப்பாட்டம் பண்றா. ஒரு பொண்ணு மைக்கை நீட்டி, வழியில் திரும்பிப் போயிடலாமான்னு தோணலையான்னு கேக்கறாள். நீ சிரிச்சுண்டே மணிக்கட்டைத் தூக்கிக் காட்டறே. ஆத்திலேர்ந்து போன் வந்துண்டே இருந்தது, வாட்ச் கையில் துடிச்சுண்டே இருந்தது, அம்மாவுக்கு எப்பவும் பயம், எடுத்தா திரும்பி வாடான்னு சொல்லுவாள், மனசு மாறிடும், அதனால ஒவ்வொண்ணாக் கட் பண்ணிண்டே வந்தேன்னு மலையாளத்தில் நீ அழகாச் சொல்றே. எல்லாரும் கை தட்டறா.

தெரியாமப் பண்ணினேன்னு நீ சொல்லலாம். வாஸ்தவம்தான், தெரியாது. டம்ளர் நழுவினதைப் பார்த்தே, கை மரத்துப் போச்சுன்னு கேட்டே, அதுக்கப்பறம் ஆத்திலேர்ந்து விடாமல் கூப்பிடறா, அப்பவும் தெரிஞ்சுக்கணும்னு உனக்குத் தோணலை. சரி, அதையும் விடறேன். மழையில் போறவனுக்கு மூளை சைக்கிள் சக்கரத்தில்தான் இருக்கும்னு வச்சுக்கறேன். ஆனா என் காலைப் பிடிச்சுண்டு பிளாஸ்டிக் கவர் கதை சொன்னியே, அப்போ உன் மூளை தெளிவாத்தானே வேலை செஞ்சுது? உன் அம்மா உள்ளே குழாய்களோட கிடக்கறாள், நீ வெளியே உட்கார்ந்து கவருக்கு யோசிச்சிருக்கே. நான் வாங்கிக் குடுத்த தோசையையும் தின்னுட்டே. அந்தத் தோசைதான்டா எனக்குத் தொண்டையில் நிக்கறது. வெக்கமா இருக்கு எனக்கு. உன்னைப் பார்க்கறபோது இல்லை, உன்னைப் புகழ்றவா என்னைப் பார்த்துச் சிரிக்கறபோது. ஞாயித்துக்கிழமைகளில் நீ வீடியோவில் வர்றபோது நான் ஏன் குளியலறைக்குள்ளே போயிடறேன்னு இப்போ புரியறதா? உனக்குப் புத்திமதி சொல்றதுன்னா ஒண்ணே ஒண்ணுதான் எங்கிட்ட இருக்கு: நிக்கக் கத்துக்கோ. என் உத்தியோகத்தில் நான் உருப்படியாக் கத்துண்டது அது ஒண்ணுதான், அதுக்காக என்னை நீயும் அவளும் சேர்ந்து சிரிச்சேள். கூரை தெரிஞ்சா ஒதுங்கு. யாராவது கூப்பிட்டா இறங்கு. ஒரு நாள் கோட்டை விட்டா மனுஷன் செத்துட மாட்டான்.

அந்த வீடியோவை நான் அவளுக்குக் காட்டலை. உனக்காக இல்லை, அவளுக்காக. பிஜுவோட ஆம்படையாள்தான், பாவம், பிள்ளையைப் பார்த்தா மாமிக்கு சந்தோஷமா இருக்கும்னு நல்ல மனசோட கொண்டு வந்து போட்டுக் காட்டினாள். நான் உள்ளேயிருந்து ஓடி வர்றதுக்குள்ளே கட் பண்ணினேன்னு நீ சொல்ற இடம் வந்துடுத்து. உன் அம்மா முழுசாப் பார்த்தாள். கண்ணைத் துடைக்க இடது கையைத் தூக்கினாள், அதுக்குள்ளே கண்ணீர் தாடையில் வழிஞ்சாச்சு. பேச்சுதான் போயிருக்கு, புத்தி போகலை. ஹாலில் மாட்டியிருக்கற சர்டிபிகேட் எல்லாத்தையும் கழட்டச் சொல்லி எனக்கு ஜாடை காட்டினாள். கழட்டிப் பரணில் போட்டுட்டேன்.

போன வாரம் நீ எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பினே. 'அப்பா, போனை லாக் பண்ணிப் பாக்கெட்டில் வை. தினம் உன் போன்லேர்ந்து தானா கால் வர்றது. எடுத்தா ஒரு சத்தமும் இல்லை, மீட்டிங் நடுவில் கஷ்டமா இருக்கு'ன்னு. நான் பதில் போடலை. உன்னோட பேசறதில்லைன்னு வச்சிருந்தேன், அதனால போடலை. இப்போ சொல்றேன். என் போன் என் பாக்கெட்டில் இல்லை. சாயங்காலம் நர்ஸ் விளக்கேத்தப் போறபோது உன் அம்மா அதை எடுத்துக்கறாள். இடது கைக் கட்டைவிரலால உன் போட்டோவைத் தேடிப் பிடிச்சு அழுத்தறாள். பேச்சுப் பயிற்சி குடுக்க வர்ற பொண்ணு அவளுக்கு அம்மா, தண்ணி, வலின்னு சொல்லிக் குடுத்துண்டிருக்காள். அது எதையும் இவள் படிக்கலை. நாள் பூரா சுவரைப் பார்த்துண்டு வேற ஒண்ணை முணுமுணுத்துண்டிருக்காள். ஒ, ஒ-ங்கறாள். எச்சில் வழியறது, துடைச்சுண்டு மறுபடி ஒ-ங்கறாள். நேத்துதான் எனக்கு அது முழுசாக் கேட்டது. 'ஒண்ணுமில்லைடா.' அவ்வளவுதான். அதைச் சொல்லி முடிக்க அவளுக்குப் பால் பொங்கற நேரம் ஆறது. நீ ஹலோ ஹலோன்னு ரெண்டு தடவை சொல்லிட்டுக் கட் பண்ணிடறே. அவள் போனைக் கையில் வச்சுண்டு, கட் ஆனது தெரியாமல், பாக்கியையும் சொல்லி முடிக்கறாள்.

நான் உன்னை மன்னிக்கலை, மன்னிக்கறதாகவும் இல்லை. அது எனக்கும் உனக்கும் உள்ளது. ஆனா அந்த வார்த்தை அவளோடது, அதைத் தடுக்க எனக்கும் அதிகாரம் இல்லை, உனக்கும் இல்லை. இன்னிக்குச் சாயங்காலம் போன் அடிக்கும். நீ எந்த மீட்டிங்கில் இருந்தாலும் வெளியே வா. சைக்கிளில் போயிண்டிருந்தா இறங்கி ஓரமா நில்லு. எடுத்துக் காதில் வச்சுண்டு, அவள் சொல்லி முடிக்கற வரைக்கும் வாயை மூடிண்டிரு.

அப்பா